டோரிஸ் கேட்ட கோர்ட்

1. 'குட் மார்னிங்' இல்லாத மெயில்

ஹெலனின் மெயில்கள் எப்போதும் "குட் மார்னிங், புனே" என்றுதான் தொடங்கும். அன்றைக்கு அந்த வரி இல்லை. "டோரிஸ் கேஸை ஃபெடரல் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஏழாவது கவுண்ட் எங்கிருந்து வந்தது?" இரண்டே வாக்கியங்கள். காலை ஷிஃப்ட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே அதைப் படித்தேன்.

எங்கள் அலுவலகம் புனே மகர்பட்டாவில் இருந்தது. அமெரிக்க வக்கீல்களுக்கு இங்கிருந்து சட்ட வேலை செய்துகொடுக்கும் கம்பெனி. அவர்கள் தூங்கப் போகும்போது ஃபைலை அனுப்புவார்கள். நாங்கள் போஹாவும் டீயும் முடித்துவிட்டு உட்காருவோம். அவர்கள் கண் விழிக்கும்போது டிராஃப்ட் அவர்கள் மேஜையில் இருக்கும். கோர்ட்டில் நிற்பது அவர்கள், கையெழுத்தும் அவர்களுடையது. எங்கள் பெயர் எந்தத் தாளிலும் வராது. அதில் எனக்கு வருத்தமே கிடையாது. சிவாஜிநகர் லேபர் கோர்ட்டில் பல வருஷம் கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்தவள் நான். ஏ.சி. அறையில் பெயரில்லாமல் இருப்பது எனக்குப் பெரிய தண்டனையாகத் தெரியவில்லை.

ஹெலன் ஒரு சின்ன ஊரில் தனியாக பிராக்டீஸ் செய்பவர். தொழிலாளிகளுக்காக மட்டும் வழக்கு நடத்துவார். டோரிஸ் அவருடைய கட்சிக்காரர், வயது அறுபதைத் தாண்டியவர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையல்கட்டில் இருபது வருஷத்துக்கும் மேலாக வேலை செய்தவர். சாப்பாடு தயாரிப்பதோடு, தானாகச் சாப்பிட முடியாதவர்களுக்கு ஊட்டிவிடுவதும் அவர் வேலை. புதிதாக வந்த மேனேஜர், 'ரொம்ப ஸ்லோ' என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் சின்ன வயதுக்காரர்களைப் போட்டார். வயதைக் காட்டிப் பாகுபாடு செய்தார்கள் என்பதுதான் வழக்கு.

இதைப் படிக்கும் இளைய வக்கீல்களுக்காக ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இரண்டு கோர்ட் வரிசை உண்டு. மாநிலக் கோர்ட் ஒன்று, மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட் ஒன்று. நம் ஊர் மாதிரி கீழ்க் கோர்ட், மேல் கோர்ட் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஸ்வார்கேட் பஸ் ஸ்டாண்டும் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டும் போலத்தான். ஒன்று மற்றதற்கு மேலே இல்லை, ஆனால் ஏறுகிற பஸ் வேறு, போய்ச் சேருகிற இடம் வேறு. வேலையிடத்துப் பாகுபாட்டைத் தடுக்க மாநிலச் சட்டமும் இருக்கிறது, ஃபெடரல் சட்டமும் இருக்கிறது. மாநிலச் சட்டத்தை மட்டும் சொல்லி, உள்ளூர்க் கம்பெனி மேல் வழக்குப் போட்டால், அது மாநிலக் கோர்ட்டிலேயே நடக்கும். ஃபெடரல் சட்டத்தின் கீழ் ஒரே ஒரு கோரிக்கை சேர்த்துவிட்டாலும் போதும், எதிர்க்கட்சி மொத்த வழக்கையும் ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். இதற்குப் பெயர் ரிமூவல்.

அங்கே ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனி 'கவுண்ட்' என்று எண் போட்டு எழுதுவார்கள். ஹெலன் எங்களிடம் கேட்டது ஆறு கவுண்ட், ஆறும் மாநிலச் சட்டம். தாக்கலானதில் ஏழு இருந்தது. கடைசி நாள் நெருக்கடி, போதாததற்கு அன்று இன்னொரு வழக்கில் விசாரணை. ஹெலன் முழுவதும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை.

2. ராமநாதன் சாரின் கை

டிராஃப்ட் செய்தவர் எங்கள் டீம் தலைவர் ராமநாதன். மதுரைக்காரர். அங்கே தொழிலாளர் வழக்குகளில் நல்ல பெயர் எடுத்துவிட்டு, மகளுக்கு ஹிஞ்சேவாடியில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு புனேவுக்கு வந்தவர். வயதில் எனக்குச் சமம், பிடிவாதத்தில் என்னைவிட ஒரு படி மேல். அந்த ஃபைலில் அதுவரை நான் இல்லை. மெயிலைக் காட்டியதும் அவர் சுற்றி வளைக்கவில்லை.

"நான்தான் போட்டேன் மேடம்."

"ஸ்டேட் சட்டம் மட்டும் போதும்னு ஹெலன் எழுதியிருந்தாங்களே சார்?"

"எழுதியிருந்தாங்க. அது வேணும்னு சொல்றாங்க, இதையும் சேர்த்தா பலந்தானேன்னு நெனச்சேன். நமக்குச் சாதகமா ஒரு சட்டம் சும்மா கெடக்கு. அதை விட்டுட்டு மனுப் போடுன்னா எனக்குக் கை வருமா? நம்ம ஊர்ல ஒரு செக்‌ஷனைக் கூடுதலாப் போட்டு எந்தக் கேஸாவது செத்துருக்கா? போடாம விட்டுத்தான் செத்துருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. நம் கோர்ட்டுகளில் வளர்ந்த எந்த வக்கீலுடைய கையும் அப்படித்தான். மனுவின் தலைப்பிலேயே நாலு சட்டம் எழுதுவோம். அதுவும் போதாமல் 'நடைமுறையிலுள்ள பிற சட்டங்களின் கீழும்' என்று ஒரு வால் வைப்போம். ஜட்ஜ் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம். நானும் அந்த வாலை எழுதிப் பழகியவள்தான். ஆனால் டோரிஸ் வழக்கில் ஒரு சட்டத்தை விட்டது மறதி இல்லை, ஹெலன் யோசித்து வைத்த முடிவு.

"இப்ப என்ன ஆயிப்போச்சு? ஃபெடரல் கோர்ட்டுன்னா பெரிய கோர்ட்டு. நல்லாவே நடத்தலாம்," என்றார்.

இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிசை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைப் பாடம் எடுப்பவரே அவர்தான். ஆனாலும் டெல்லி என்ற சொல்லுக்கு நாம் எழுந்து நிற்கிற பழக்கம் நம் உடம்பில் இருக்கிறது. மத்திய அரசு என்றால் மேலே, மாநிலம் என்றால் கீழே. படித்தது ஒரு பக்கம் கிடக்கும், பழக்கம் தன் வேலையைப் பார்க்கும்.

நான் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு, டோரிஸுக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாநிலக் கோர்ட் அவர் ஊர்க் கடைத்தெருவில் இருக்கிறது. ஃபெடரல் கோர்ட் வேறு நகரத்தில், காரில் போனால் அரை நாள். வீட்டில் படுக்கையோடு கிடக்கும் கணவர். மாநிலக் கோர்ட்டில் ஜூரி அந்த ஊர், பக்கத்து ஊர் ஜனங்கள், அவர்களில் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டால் போதும். ஃபெடரலில் ஒருவர் தலையாட்ட மறுத்தாலும் தீர்ப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மாதிரி வழக்குகளை ஜூரி வரை போகவிடாமல் காகிதத்தைப் பார்த்தே ஃபெடரல் ஜட்ஜ் முடித்துவிடுவார் என்ற பயம் ஹெலனுக்கு இருந்தது. டோரிஸ் வாய் திறக்காமலேயே எல்லாம் முடிந்துவிடலாம்.

ராமநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

3. கான்டீன் முருகேசன்

அன்று மதியம் சாப்பிடும்போது அவரிடம் முருகேசன் கதையைச் சொன்னேன். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதால் சொன்னேன்.

நான் லேபர் கோர்ட்டில் ஜூனியராக இருந்த காலம். முருகேசன் வேலூர்ப் பக்கத்து ஆள். மத்திய அரசுக்குச் சொந்தமான ஒரு பெரிய வளாகத்தின் கான்டீனில் சமையல்காரர். கான்டீனை நடத்தியது ஒரு கான்ட்ராக்டர். புது கான்ட்ராக்டர் வந்ததும் தன் ஊர் ஆட்களை வைத்துக்கொண்டு முருகேசனை நிறுத்திவிட்டார். வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் சீனியர் மஹாராஷ்டிர மாநிலச் சட்டத்தின் கீழ் இண்டஸ்ட்ரியல் கோர்ட்டில் வழக்குப் போட்டார். தகுதியைப் பார்க்காமல் ஒரு தரப்பு ஆட்களுக்குச் சலுகை காட்டுவது தவறு என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. முருகேசனுக்காகவே எழுதிய மாதிரி வரி.

எதிர்க்கட்சி முதல் நாளே ஓர் ஆட்சேபணை போட்டது. 'இடம் மத்திய அரசுடையது. ஆகவே மாநிலச் சட்டம் பொருந்தாது. இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை.' நாங்கள், 'கான்ட்ராக்டர் தனியார், மாநிலச் சட்டம்தான்' என்றோம். அவ்வளவுதான், வழக்கு அதிலேயே மாட்டிக்கொண்டது. இங்கே ஓர் உத்தரவு, அதன் மேல் மும்பை ஹைகோர்ட்டில் ஒரு ரிட், திரும்பவும் இங்கே. முருகேசன் ஒவ்வொரு தேதிக்கும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். வருஷங்கள் ஓடிய பிறகு, 'மத்திய டிரிப்யூனலுக்குப் போங்கள்' என்று முடிந்தது.

வராந்தாவில் நான் அதை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வக்கீலம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? இத்தினி வருசமா இங்க வந்து குந்திக்கினு இருக்கேன். என்னை எதுக்கு நிறுத்துனாங்கன்னு ஒரு தபா கூட யாரும் கேக்கலியே?"

டிரிப்யூனலில் கேட்பார்கள் என்றேன். அவர் சிரித்தார். "அங்கயும் மொதல்ல எந்த கவர்மென்ட்டுன்னுதான் கேப்பாங்க," என்றார். அதன் பிறகு அவர் வரவில்லை. மகனோடு வேலூருக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு நியாயம் கிடைக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் கதையை யாரும் காது கொடுத்துக் கேட்கவே இல்லை.

ராமநாதன் சார் டப்பாவை மூடினார். "இப்ப என்ன வழி இருக்குன்னு பாருங்க மேடம்," என்றார்.

4. நாய்த் தீனி காட்டிய வழி

அன்று மீதி நேரம் முழுவதும் நான் தேடினேன். ஃபெடரல் கோரிக்கையை நாமே நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. முன்பெல்லாம், நீக்கினாலும் வழக்கைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாமா, திருப்பி அனுப்பலாமா என்பது பல இடங்களில் ஃபெடரல் ஜட்ஜின் விருப்பமாக இருந்தது. ஆனால் சமீபத்தில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நேர் செய்திருந்தது. ஃபெடரல் கோரிக்கை போய்விட்டால் ஃபெடரல் கோர்ட்டின் அதிகாரமும் போய்விடும், மாநிலக் கோர்ட்டுக்குத் திருப்பியே ஆக வேண்டும். அந்தத் தீர்ப்பு வந்தது நாய், பூனைத் தீனி பற்றிய ஒரு வழக்கில். டோரிஸ் பாட்டுக்கு முதியோருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு வழி திறந்தது நாய்த் தீனி. சட்டத்தில் இந்த மாதிரி வேடிக்கைகளுக்குக் குறைவே இல்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நீக்கிய கோரிக்கையைத் திரும்பப் போட முடியாது. மாநிலச் சட்டத்தில் தோற்றால் ஃபெடரல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழ வழியில்லை. "இதை நான் முடிவு செய்ய முடியாது. டோரிஸ்தான் சொல்ல வேண்டும். நீங்களும் வீடியோவில் வாருங்கள்," என்று ஹெலன் எழுதினார். கட்சிக்காரர் இருக்கும் அழைப்பில் எங்களைக் கூப்பிடுவது வழக்கமே இல்லை.

நமக்குச் சாயங்காலம், அவர்களுக்குக் காலை. திரையில் ஹெலனும், பக்கத்தில் டோரிஸும். நீல நிறக் கம்பளிச் சட்டை, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. என் அத்தை ஒருவரின் சாடை இருந்தது. ஹெலன் எங்களைக் காட்டி, "இவர்கள்தான் உங்கள் வழக்கில் என்னோடு வேலை செய்கிறவர்கள்," என்றார். டோரிஸ் கையசைத்தார். நானும் அசைத்தேன். ராமநாதன் சார் கும்பிட்டார்.

ஹெலன் இரண்டு வழியையும் நிதானமாக விளக்கினார். முடித்ததும், ராமநாதன் சார் குறுக்கிட்டுத் தன் ஆங்கிலத்தில் சொன்னார். கோரிக்கையை எழுதியவர் தான்தான் என்றும், இப்படி ஆனதற்கு வருந்துவதாகவும் முதலில் சொன்னார். பிறகு, "ஆனாலும் மேடம், அது உங்கள் உரிமை. கையில் இருப்பதை வெட்டி எறிவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்," என்றார். அவருடைய பிடிவாதம் அங்கேயும் நிற்கவில்லை. ஆனால் அது டோரிஸ் மேல் இருந்த அக்கறையிலிருந்துதான் வந்தது.

டோரிஸ் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"ஐயா, எனக்கு எத்தனை சட்டம் இருக்குன்னு தெரியாது. நான் மெதுவா வேலை செய்யறேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பல்லு இல்லாத ஒருத்தருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்ட எவ்வளவு நேரம் ஆகும்னு அந்த மேனேஜருக்குத் தெரியுமா? அவசரப்படுத்தினா புரையேறிடும். எங்க ஊர்ல அது எல்லாருக்கும் தெரியும். அவங்கவங்க அம்மா, அப்பா அந்த இல்லத்துல இருந்திருக்காங்க. நான் ஸ்லோவா இல்லையான்னு அவங்க சொல்லட்டும்."

"உங்களை நேரில் தெரிந்தவர்களை ஜூரியில் உட்கார விடமாட்டார்கள், டோரிஸ்," என்றார் ஹெலன்.

"தெரியாதவங்களே உட்காரட்டும். எங்க ஊர்க் காத்தைக் குடிச்சவங்களா இருந்தாப் போதும். அவங்க முன்னாடி நான் ஒரு தடவை சொல்லிடணும். அதுக்கப்புறம் தோத்தாலும் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன்."

ராமநாதன் சார் மைக்கை மியூட் செய்தார். "நம்ம முருகேசன் கேட்டதைத்தான் இந்தம்மாவும் கேக்குது மேடம்," என்றார். மியூட்டை எடுத்து, "உங்கள் விருப்பப்படியே செய்கிறோம். இன்றைக்கே," என்றார்.

அழைப்பு முடிந்ததும் அவரே உட்கார்ந்தார். நான் செய்கிறேன் என்றதற்கு, "இருங்க மேடம், போட்ட கையே எடுக்கட்டும்," என்றார். ஏழாவது கவுண்ட்டை அடித்து நீக்கினார். அதோடு விடவில்லை. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்து, 'இன்ன பிற சட்டங்கள்' என்ற சாயலில் எங்கேயாவது வால் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினார். இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டையும் வெட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் வெட்டினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்க்கட்சி சும்மா விடவில்லை. சாதகமான கோர்ட்டைத் தேடி அலைகிறார்கள் என்று குற்றம் சாட்டி நீளமாக ஒன்று எழுதினார்கள். அலைந்தது உண்மைதான், சொந்த ஊரைத் தேடி. ஃபெடரல் ஜட்ஜின் உத்தரவு சுருக்கமாக வந்தது. ஃபெடரல் கோரிக்கை இல்லை, எனக்கு அதிகாரம் இல்லை, வழக்கு மாநிலக் கோர்ட்டுக்கே திரும்புகிறது. அன்றைய மெயில் "குட் மார்னிங், புனே" என்று தொடங்கியது. ராமநாதன் சார் எல்லோருக்கும் கீழே கடையிலிருந்து வடாபாவ் வாங்கிக் கொடுத்தார்.

5. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி

ஜூரி என்ன சொன்னது என்று கேட்பீர்கள். டோரிஸ் பக்கம்தான். ஆனால் எனக்கு மனதில் நிற்பது தீர்ப்பு வந்த நாள் இல்லை, அதற்கு முந்திய வாரம்.

இளைய வக்கீல்கள் சிலர் என்னிடம், பாகுபாட்டு வழக்கில் முக்கியமானது எது என்று கேட்கிறார்கள். சாட்சியம், சட்டம், முன்தீர்ப்பு என்று பட்டியல் போட நான் தயாராக இல்லை. முதலில் கட்சிக்காரரைக் கேளுங்கள், 'நீங்கள் யார் முன்னால் பேச விரும்புகிறீர்கள்?' என்று. அதிகார வரம்பு என்பது நமக்குப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம். அவர்களுக்கு அது, தங்கள் கதையை யாராவது கேட்பார்களா மாட்டார்களா என்ற கேள்வி. அதைத் தெரிந்துகொண்ட பிறகு எத்தனை சட்டம் வேண்டுமானாலும் எழுதுங்கள், அல்லது எழுதாமல் விடுங்கள்.

அந்த வாரம் விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாள் சாட்சியமும் டைப் ஆகி எங்களுக்கு வரும். ஹெலனின் இறுதி வாதத்துக்காக அதை நாங்கள் சுருக்கித் தர வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி என்பது எங்கள் கணக்கு. அன்று காலை வந்தது டோரிஸின் சாட்சியம். பெயர், ஊர் எல்லாம் முடிந்ததும் ஹெலனின் கேள்வி: "உங்களை ஏன் வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று ஜூரிக்குச் சொல்லுங்கள்."

பதில் பக்கம் பக்கமாகப் போனது. கிண்ணம், கரண்டி, புரையேறுதல், யாருக்கு எந்தப் பக்கம் வாய் கோணல், யார் கண்ணை மூடிக்கொண்டால்தான் விழுங்குவார் என்று எல்லாம் இருந்தது. யாரும் அவரை நிறுத்தவில்லை. நான் முதல் வரியை எழுதினேன், அழித்தேன். திரும்ப எழுதினேன், திரும்ப அழித்தேன். கடைசி பெஞ்சில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தார்.

ராமநாதன் சார் என் பின்னால் வந்து நின்றார். திரையைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"சுருக்க முடியல சார்," என்றேன்.

"சுருக்காதீங்க," என்றார். "ஒரு வரிகூட விடாதீங்க மேடம். இதுல நான் வெட்டச் சொல்ல மாட்டேன். முழுசாப் போகட்டும்."